மேசைக்கு அந்தப் பக்கம்

அந்த உடையலங்கார உதவியாளருக்கு என் பெயர் தெரியாது. எந்த வேடத்துக்கு வந்திருக்கிறேன் என்றும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊட்டியில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில், கம்பியில் தொங்கிய புடவைகளுக்கு நடுவே நின்றபடி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருடைய கை பூப்போட்ட நைலக்ஸ் புடவை ஒன்றின்மேல் இருந்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சாம்பல் நிறப் பருத்திப் புடவையை உருவினார். ஒரு டப்பாவைத் திறந்து கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். “இது உங்களுக்குத்தானே, மேடம்?”

அன்று படப்பிடிப்பில் இரண்டு பெண் வேடங்கள். ஒன்று, விபத்தில் சிக்கிய மகனைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் தாய். மற்றது, அந்தத் தாயை வரவேற்பு மேசையில் நிறுத்தி “அட்மிஷன் சீட்டு எங்கே?” என்று கேட்கும் பெண். தாய் வேடம் கிடைக்கும் என்ற ஆசையில் குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன். பஸ்ஸில் அழுதுகூடப் பார்த்தேன். அவரோ ஒரே பார்வையில் சீட்டுக் கேட்கிறவளுக்கான புடவையை நீட்டினார். ஆள் மாறவில்லை, எனக்கு ஒதுக்கியிருந்த வேடமும் அதுதான்.

நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், பச்சை இலை கொள்முதல் செய்யும் இடத்தில் 11 ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். ஆலை நொடித்துப்போய் வேலை போன பிறகு, 2011இல், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் “ஆபீசில் உட்கார்ந்திருக்க ஆள் வேண்டுமாம், வருகிறீர்களா அத்தை?” என்று ஒரு படப்பிடிப்புக்கு அழைத்துப்போனான். அன்று உட்கார்ந்தவள்தான். அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். எழுத்தர் புத்தி எங்கே போகும்? தேதி, இடம், வேடம், பேசிய வரிகள், பேசிய சம்பளம், வந்த சம்பளம், பாக்கி. சில பக்கங்களில் பாக்கிப் பத்தி மட்டும் நீளமாக இருக்கும். அது வேறு கதை.

சென்ற ஐப்பசியில் மழை விடாமல் பெய்து, இரண்டு படப்பிடிப்புகள் தள்ளிப்போய், வீட்டில் அடைந்து கிடந்தபோது அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வசனம் உள்ள வேடங்கள் மொத்தம் 63. அவற்றில் 44இல் எனக்கும் எதிரே நிற்பவருக்கும் நடுவில் ஒரு மேசையோ, கவுண்டரோ, கம்பிச் சன்னலோ இருந்திருக்கிறது. நர்ஸ், வங்கிக் காசாளர், தபால் அலுவலகப் பெண்மணி, தாலுகா அலுவலக எழுத்தர், விடுதிக் காப்பாளர், தலைமையாசிரியை. தொழில்கள் வேறு வேறு. செய்த வேலை ஒன்றுதான்: எதையோ கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்வது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டியதில்லை. உனக்கு என்ன வேடம் பொருந்தும் என்று புதிதாக நடிக்க வருகிறவர்களைக் கேட்டால் போலீஸ், டாக்டர், அண்ணன், அம்மா என்று தொழிலையோ உறவையோ சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் “அம்மா கேரக்டர்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எதிரே நிற்பவரை நம் முகம் என்ன செய்கிறது என்பதைத்தான் தேர்வு செய்கிறவர்கள் பார்க்கிறார்கள். ஒரு முகம் ஆறுதல் தரும். ஒன்று மிரட்டும். ஒன்றைப் பார்த்தாலே இந்த ஆள் ஏமாறப்போகிறான் என்று தெரியும். என் முகம் தடுக்கும். தடுக்கிற முகம் நர்ஸ் உடுப்பிலும் தடுக்கும், வக்கீல் கோட்டிலும் தடுக்கும், மாமியார் புடவையிலும் தடுக்கும்.

நம் மேடைக்கு இது ஒன்றும் புதிய சங்கதி இல்லை. ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), கள்ளபார்ட் (திருடன்), பபூன் (கோமாளி) என்று பார்ட்டைச் சொல்லித்தான் ஆளை அழைப்பார்கள். ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் பபூனை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒன்றாக ஒத்திகை பார்க்கும் வழக்கம் இல்லை. மேடையேறும் இரவில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். தன் பார்ட் இன்னது என்று ஒவ்வொருவருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்ததால்தான் விடிய விடிய அந்த நாடகம் ஓடியது. யாரும் அதை அவமானமாக நினைத்ததாகத் தெரியவில்லை. பார்ட் என்றால் சோறு.

எங்கள் மலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். எம்.என். நம்பியார் சிறுவயதில் ஊட்டியில் வளர்ந்து படித்தவர். இங்கிருந்துதான் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பிறகு எத்தனை தலைமுறை அவரைத் திரையில் பார்த்துப் பயந்தது! வீட்டிலோ அவர் சைவம், குடிப்பழக்கம் இல்லாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் போன குருசாமி. அவர் கைகளைப் பிசைந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்கியதென்றால், அதற்கு அவருடைய குணம் காரணமில்லை. தன் முகம் மற்றவர்களை என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் பாட்டி அவரை “பாவி” என்று திட்டிக்கொண்டே அவர் வரும் காட்சிக்காகக் காத்திருப்பார்.

என் கதைக்கு வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் வீணாயின. ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், பட்டுப் புடவை, மல்லிகைப்பூ, நெற்றி நிறையக் குங்குமம் என்று நின்று, பல் தெரியச் சிரித்து ஆறு படம் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் படம் போலிருந்தது, வயதுதான் 38. அதை எல்லோருக்கும் அனுப்பினேன். அழைப்பு வந்ததெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்காமல், என்னை நேரில் பார்த்தவர்களிடமிருந்துதான். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தவர் ஊட்டியில் வெளியூர்க் குழுக்களுக்கு ஆள் ஏற்பாடு செய்யும் ஒரு தம்பி. டீக்கடையில் நின்றுகொண்டு, எனக்கு ஏன் அம்மா வேடம் வாங்கித் தருவதில்லை என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. உங்களைப் பார்த்தால் கையெழுத்துக் கேட்க வேண்டும்போலத் தோன்றுகிறது. மடியில் தலை வைத்து அழ வேண்டும்போலத் தோன்றவில்லை.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் அவர் போனை எடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஒரு காரியம் செய்தேன். யார் புதிதாக வந்து கேட்டாலும் இன்றும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று குறித்து வைப்பது.

குன்னூர் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, “மேட்டுப்பாளையம் வண்டி எத்தனை மணிக்கு?” என்றார். பக்கத்தில் நான்கு பேர் சும்மா நின்றார்கள், என்னிடம்தான் வந்தார். வங்கியில் ஒரு பெண் தன் செலானை என்னிடம் நீட்டி, “இது சரியாக இருக்கிறதா, பாருங்கள்” என்றாள். நானும் வரிசையில் நிற்கிறவள்தான். ஆஸ்பத்திரியில் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன், ஒருவர் எழுந்து நின்று, “நான் வெளியே காத்திருக்கட்டுமா, மேடம்?” என்று அனுமதி கேட்டார். அந்தப் பதினைந்து நாளில் ஒரு குழந்தைகூட என்னிடம் வந்து கைநீட்டவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் யாரும் தன் குடும்பக் கதையைச் சொல்லவில்லை. என் தங்கைக்கு இதற்கு நேர்மாறு. மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் இரண்டு மாமியார் கொடுமைகளையும் ஒரு கிட்னிக் கல்லையும் கேட்டுவிடுவாள். நடித்தால் அவள்தான் அம்மா.

வீட்டாரிடம் கேட்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. “நீ அழுதால் எனக்கும் அழுகை வரும்” என்றாள் அதே தங்கை. அவளுக்கு என்னோடு 40 வருடப் பழக்கம். கேமராவுக்கு 40 நொடிப் பழக்கம்கூடக் கிடையாது. கேட்பதென்றால் நம்மைத் தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டிச் சட்டென்று மறைத்துவிட்டு, இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இவர் என்ன வேலை பார்க்கிறார், அவசரத்துக்கு இவரிடம் ஆயிரம் ரூபாய் கடன் கேட்பீர்களா? முதல் கேள்வியைவிட இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு வந்த பதில்: “கேட்பேன். ஆனால் எதற்கு என்று விசாரிப்பார்.”

முகம் இப்படி ஆனது எப்படி என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பிறக்கும்போதே இப்படி இருந்ததாகத் தெரியவில்லை. சின்ன வயதுப் படங்களில் அசட்டுச் சிரிப்புதான் இருக்கிறது. தராசுதான் காரணம்.

இலை கொள்முதல் செய்யும் இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சிறு விவசாயிகள் சாக்கிலும் வலைப்பையிலும் பச்சை இலையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு என்பது கணக்கு. ஆனால் கூலியாள் கிடைக்காத வாரத்தில் முற்றலும் சேர்ந்து வரும். மழை நாளில் இலையோடு தண்ணீரும் நிறையில் ஏறும். அதனால் நிறுத்த எடையில் இத்தனை கிலோ கழிவு என்று குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பைச் சீட்டில் எழுதுகிறவள் நான். எதிரே நிற்கிறவர் விடியற்காலையிலிருந்து மழையில் நனைந்தவர். அவருடைய இலையின் விலையை நான் தீர்மானிக்கவில்லை, கழிவு விகிதத்தையும் நான் தீர்மானிக்கவில்லை, ஆனால் என் பேனாதான் அதை எழுதுகிறது. முதல் மாதம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன். இரவில் தூக்கம் வரவில்லை. பிறகு கற்றுக்கொண்டேன். தலை குனிந்து எழுதிக்கொண்டே எண்ணைச் சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்து, சீட்டைக் கிழித்து, நீட்டும்போது ஒரே ஒருமுறை நிமிர வேண்டும். அப்போதும் நிமிராமல் இருந்தால் அவர் சண்டைக்கு வருவார். முன்னாலேயே நிமிர்ந்தால் எனக்கு எழுத வராது. 11 ஆண்டுகள் தினமும் இப்படிச் செய்த கழுத்து இது.

கேமரா முன் இது எனக்கு முதன்முதலில் கைகொடுத்தது ஓர் ஆஸ்பத்திரிக் காட்சியில். உண்மையில் அது குன்னூரில் ஒரு காலி பங்களா. இரும்புக் கட்டில்களைப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். நான் நர்ஸ். எனக்கு ஒரே வரி: “இன்று டாக்டர் வரமாட்டார்.” எதிரே ஒரு கிழவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். முதல் டேக்கில் கடுமையாகச் சொன்னேன். “இவ்வளவு கோபம் வேண்டாம், மேடம்” என்றார் இயக்குநர், இளைஞர். இரண்டாவதில் பரிதாபமாகச் சொன்னேன். “இவ்வளவு இரக்கம் இருந்தால் நீங்களே டாக்டரைப் போய்க் கூட்டி வந்துவிடுவீர்கள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மேசைமேல் ஒரு பதிவேடு கிடந்தது. அலங்காரத்துக்கு வைத்தது, உள்ளே வெறும் காகிதம். கலை உதவியாளரிடம் சொல்லி அதில் பத்து வரி எழுதி வாங்கினேன். பேனாவையும் மாற்றிக் கேட்டேன், மூடி கழற்றும் பேனாவாக. மூன்றாவது டேக்கில் கிழவர் வந்து நின்றதும் நான் அவரைப் பார்க்கவில்லை. முந்தைய வரியை எழுதி முடித்தேன். எழுதிக்கொண்டே “இன்று டாக்டர் வரமாட்டார்” என்றேன், தேதி சொல்வதுபோல. பேனாவை மூடினேன். அந்த மூடி ‘டிக்’ என்ற பிறகு நிமிர்ந்து, பேத்தியைப் பார்த்தேன், கிழவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். கட் சொல்ல இயக்குநர் கொஞ்சம் தாமதித்தார். பிறகு அதையே குளோசப்பில் எடுக்க வேண்டும் என்றார்.

அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முழு அறையும் தெரிய வைடில் எடுத்தபோது என் பின்னால் சன்னலில் எதிர்மலை தெரிந்தது. இப்போது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. மலையில் நடிக்கிறவர்களுக்கு இது வாடிக்கை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, விலகாததால் சன்னலை விட்டு என் மேசையை நகர்த்தி எடுத்தார்கள். காத்திருந்த நேரமெல்லாம் எந்த வரியில் எழுதிக்கொண்டிருந்தேன், பேனா மூடி எந்தக் கையில் இருந்தது, கண்ணாடி மூக்கில் எவ்வளவு இறங்கியிருந்தது என்று நினைவில் வைத்திருந்தேன். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் எதுவும் மாறிவிடாமல் கண்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் தன் போனில் படம் வைத்திருப்பார்தான். ஆனாலும் தன் கையைத் தானே நினைவில் வைத்திருக்கும் நடிகரை அவர்கள் மறப்பதில்லை. அந்த உதவி இயக்குநர் பிறகு மூன்று படங்களுக்கு என்னைக் கூப்பிட்டார். மூன்றிலும் மேசை.

டப்பிங்கில் ஒருமுறை பார்ட்டே பறிபோனது. சின்ன வேடக்காரர்களைச் சென்னைக்கு வரவழைத்துச் செலவு செய்வானேன் என்று பல நேரம் வேறு யாரையாவது வைத்துப் பேசி முடித்துவிடுகிறார்கள். ஒரு படத்தில் நான் விடுதிக் காப்பாளர். தியேட்டரில் போய் உட்கார்ந்தால், திரையில் என் முகம் தடுக்கிறது, வாயிலிருந்து தேன் வடிகிற மாதிரி ஓர் இளம்பெண் குரல் வருகிறது. முகம் போகாதே என்கிறது, குரல் வாங்களேன் என்கிறது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுகிறேன்: படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவா, டப்பிங்கா? டப்பிங் என்றால் என் பஸ் செலவில் வந்துகூடப் பேசித் தருகிறேன் என்று சொல்லி வைப்பேன். இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். மேட்டுப்பாளையம் இறங்கி, ரயில் பிடித்து, அரை மணி நேரம் பேசிவிட்டு இரவு ரயிலில் திரும்பினேன். கணக்குப் பார்த்தால் நஷ்டம். ஆனால் அந்த இரண்டு படங்களைப் பார்த்துத்தான் அடுத்த வேடங்கள் வந்தன.

பார்ட் தெரிந்த பிறகு படங்களையும் மாற்றினேன். பட்டும் மல்லிகையும் போயின. வெள்ளைச் சுவர், காலை ஒன்பது மணிக்குள் சன்னல் வெளிச்சம், மேக்கப் இல்லாமல் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று. நான்காவதாகக் கண்ணாடி போட்டு, ஒரு பைலோடு. அறிமுக வீடியோ முக்கால் நிமிடத்தைத் தாண்டாது. பெயர், ஊர், உயரம், எந்த வயதுக்கு நடிக்க முடியும், என்னென்ன மொழி. இங்கே கேரளமும் கர்நாடகமும் பக்கத்திலேயே இருப்பதால் மலையாள, கன்னடக் குழுக்களும் அடிக்கடி வரும். எனக்கு மலையாளம் சமாளிக்கும் அளவுக்கு வரும். இங்குள்ள படுகர்களின் மொழியான படுகு, இலை எடை போட்ட காலத்திலேயே நன்றாகப் பழகியது. முன்பு “எந்த வேடமும் செய்வேன்” என்று சொல்லி முடிப்பேன். அதைக் கேட்டு யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது “அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம்” என்கிறேன். பெயர் மறந்துபோனாலும் “அந்த ஆபீஸ் அம்மா” என்று தேடி எடுத்துவிடுகிறார்கள்.

எது பார்ட் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை சமவெளியிலிருந்து வந்த குழு ஒன்று, முகத்தில் கறுப்பு அப்பி என்னைப் பழங்குடிக் கிழவியாக உட்கார வைக்கப் பார்த்தது. கதையில் அவர் இருளர். போர்த்திக்கொள்ளக் கொடுத்ததோ வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த தோடர் போர்வை. யாருக்கு எது என்ற கவலையே அங்கே இல்லை; மலை என்றால் ஒரு போர்வை, ஒரு குரங்குக் குல்லாய், கையில் ஒரு தீப்பந்தம். (மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் குல்லாய். நாங்கள் அந்த நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் பிடித்திருப்போம்.) முடியாது என்றேன். அந்த மக்களிலேயே ஒரு பாட்டியிடம் கேளுங்கள், உரிய கூலி கொடுத்துக் கூட்டி வாருங்கள் என்றேன். அன்றைய சம்பளம் போனது. எழுத்தர்த்தனம் என் கழுத்தில் 11 ஆண்டு ஏறிய பழக்கம், அதை நான் விற்கலாம். இன்னொருவருடைய இனம் மேக்கப் பெட்டியில் கிடைக்கிற சரக்கு இல்லை.

பிறகு முடி. 47 வயதுவரை சாயம் பூசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அலுப்பாகி விட்டுவிட்டேன். யாருக்கும் சொல்லவும் இல்லை. ஐந்து மாதம் ஒரு அழைப்பும் இல்லை. பழைய படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் நேரில் கண்டதும் தயங்கினார்கள். நரை முழுதாக வெளுத்த பிறகு புதிய படம் எடுத்து அனுப்பினேன். வந்த வேடங்களைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அதே ‘இல்லை’தான். மேசை மட்டும் பெரிதாகியிருந்தது! முன்பு பலகைக் கவுண்டர். இப்போது கண்ணாடி பதித்த மேசை, சுழல் நாற்காலி, மேசைமேல் மணி. கல்லூரி முதல்வர், தலைமை மருத்துவர், இரண்டு முறை நீதிபதி. நீதிபதிக்கு மேடையே போட்டுத் தருகிறார்கள். ஆகவே முடி என்பது அழகு நிலையத்தில் மட்டும் எடுக்கிற முடிவில்லை. மாற்றுவதென்றால் ஆள் ஏற்பாடு செய்கிறவர்களுக்குப் புதுப் படத்தோடு முதலில் தகவல் போக வேண்டும். ஒரு படத்தின் முதல் கட்டம் முடிந்து இரண்டாவது கட்டம் பாக்கி இருக்கும்போது தலையில் கைவைக்கவே கூடாது. நான் வைத்தேன். தோள்வரை வெட்டிக்கொண்டு போய் நின்றேன். ஒரு சவுரியைத் தேடிப் பிடிக்கக் கோயம்புத்தூருக்கு வண்டி அனுப்பினார்கள். யாரும் திட்டவில்லை. அந்தக் குழு மறுபடி கூப்பிடவும் இல்லை.

மற்றவை சில்லறை விஷயங்கள். தேதியையும் சம்பளத்தையும் போனில் பேசினாலும் செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மழையால் படப்பிடிப்பு நின்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளமாவது உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இது அவசியம். உள்ளூர்க்காரர் என்பதால் நமக்குத் தங்க அறை போட வேண்டியதில்லை, அந்த மிச்சம் தயாரிப்பாளருக்கு. அதைச் சொல்லிச் சம்பளத்தைச் சற்று உயர்த்திக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒரே பார்ட்டில் கிடப்பது சலிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். சலிக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து “நாளைக்கு வாருங்கள்” என்று சொன்னால் யாருக்கும் சலிக்கும். அந்த மாதிரி நாட்களில், இந்தப் பெண்ணுக்கு எதிரே நிற்பவர்மேல் இரக்கம் இருக்கிறதா, அதை மறைக்கிறாளா, அல்லது இரக்கமே தீர்ந்துபோய்விட்டதா என்று ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு போவேன். வசனம் ஒன்றே. 44 பேரும் ஒரே ஆள் கிடையாது. தாலுகா அலுவலகப் பெண்ணுக்குக் கால்வலி. வங்கிக்காரிக்கு மணி ஐந்தாகிவிட்ட அவசரம். நீதிபதிக்கு மட்டும் தன் தீர்ப்பில் சந்தேகம். அது படத்தில் தெரிந்ததா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது.

போன மாதம் அந்தத் தம்பியே கூப்பிட்டார். டீக்கடையில் கையெழுத்து, மடி என்றெல்லாம் சொன்ன அதே ஆள். “அக்கா, அம்மா வேடம்.”

“மேசை உண்டா?” என்றேன்.

“இல்லை அக்கா, அடுப்படி.” சிரித்தார். பட்டணத்திலிருந்து வந்த மகன், தோட்டத்தை விற்றுவிடலாம் என்று அம்மாவிடம் கேட்கிறான். அவள் முடியாது என்கிறாள். அழாத அம்மா வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதுவிட்டார்களாம்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. தாழ்ந்த கூரை, அடுப்புப் புகை படிந்த சுவர். ஒத்திகையின்போது என்னை அடுப்புக்கு முன்னால் நிற்க வைத்துக் கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். ஏதோ சரியாக வரவில்லை. கழுத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பலகை கேட்டேன். முக்காலி உயரத்துக்கு ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் பலகையைப் போட்டார்கள். கால் கிலோ பீன்ஸ் கேட்டேன். ஒரு சின்னக் கத்தி.

மகனாக நடித்த பையன் வந்து எதிரே உட்கார்ந்தான். பேசத் தொடங்கினான். நல்ல பையன், கண் கலங்க நடித்தான். நான் நார் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவன் விலையைச் சொன்னான். மருத்துவச் செலவைச் சொன்னான். அப்பா பெயரைச் சொன்னான். கையிலிருந்த பீன்ஸை மூன்றாக நறுக்கி, “தோட்டத்தைக் கொடுப்பதற்கில்லை” என்றேன். கத்தியைப் பலகைமேல் வைத்தேன். பிறகு நிமிர்ந்தேன்.